கருத்துப் பெட்டியைத் திறந்து வைத்திருப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுத் திட்டங்கள், விவசாயம், ஊர்ச்செய்தி என்று எழுதும் ஒரு சிறிய தமிழ்த் தளத்தை நானும் ஒரு தோழியும் ஒன்பது ஆண்டுகளாக நடத்திவருகிறோம். கட்டுரை எழுதுவதற்கு ஆகும் நேரத்தில் பாதி, அதன் கீழே வாசகர்கள் எழுதுவதைப் படிக்கவே போகிறது. புதிதாகத் தளம் தொடங்குபவர்கள் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது வேர்ட்பிரஸ் என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். மற்ற மென்பொருள்களிலும் இதே வசதிகள் வேறு பெயரில் இருக்கும்.

மட்டுறுத்தல் என்றால் நமக்குப் பிடிக்காத கருத்தை நீக்குவதுதானே?

இல்லை. கட்டுரை தப்பு என்று எழுதுபவரின் கருத்தை வெளியிடுவதும் மட்டுறுத்தல்தான். வாசகர் எழுதியது எல்லோர் கண்ணிலும் படுவதற்கு முன்போ, பட்ட உடனேயோ ஒரு மனிதர் அதைப் படித்து முடிவெடுப்பதற்குத்தான் அந்தப் பெயர். தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய 2004, 2005 காலத்தில் பின்னூட்டம் (வாசகர் கருத்து), மட்டுறுத்தல், அனானி (பெயர் சொல்லாமல் எழுதுபவர்) எல்லாம் நம் இணையப் பேச்சில் கலந்துவிட்டன. கேட்காமல் வந்து விழும் விளம்பரக் கருத்துகளான ஸ்பேமை எரிதம் என்றும் சிலர் எழுதுகிறார்கள். நான் பேச்சில் புழங்கும் ஸ்பேம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தளத்துக்கு நாளைக்கு நூறு பேர் வந்தாலே அதிகம். எங்களைத் தேடி யார் ஸ்பேம் போடப்போகிறார்கள்?

யாரும் உங்களைத் தேடி வருவதில்லை. கருத்துப் பெட்டி உள்ள பக்கங்களைக் கண்டுபிடித்துத் தானாகவே நிரப்பிவிட்டுப் போகும் நிரல்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. உங்கள் தளம் தமிழில் இருக்கிறதா, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. சூதாட்டத் தளத்தின் இணைப்பு ஆயிரம் பக்கங்களில் இருந்தால் தேடுபொறி அதை முன்னால் காட்டும் என்ற பழைய கணக்கில் ஆரம்பித்த வேலை இது.

அந்தக் கணக்கை உடைக்க 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து ஒரு வழி கொண்டுவந்தன. நோஃபாலோ என்ற குறி போட்ட இணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தன. வேர்ட்பிரஸ் அந்தக் குறியைக் கருத்துகளில் வரும் இணைப்புகளுக்குத் தானாகவே போட்டுவிடும். 2019-இல் வாசகர் எழுதியவற்றுக்கென்றே தனியாக இன்னொரு குறியையும் கூகுள் சேர்த்தது. அப்படியும் ஸ்பேம் குறையவில்லை. லட்சம் தளங்களில் போட ஆகும் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, அதில் நாலு பேர் சொடுக்கினாலும் அவர்களுக்கு லாபம்தான்.

தமிழில் ஸ்பேம் வருமா? வந்தால் எப்படித் தெரிந்துகொள்வது?

வரும். முன்பெல்லாம் ஆங்கிலத்திலும் ரஷ்ய எழுத்துகளிலும் வந்ததால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இப்போது மொழிபெயர்ப்புக் கருவிகளின் புண்ணியத்தில் நல்ல தமிழிலேயே வருகிறது. எங்கள் வரிசையில் அடிக்கடி வந்து நிற்பது இந்த மாதிரி:

“அற்புதமான பதிவு. இந்தத் தலைப்பைப் பற்றி நான் பல நாட்களாகத் தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் எழுத்து நடை என்னைக் கவர்ந்தது. தொடர்ந்து எழுதுங்கள்.”

இணைப்பு எதுவும் இல்லை. புகழ்ச்சி என்பதால் கை தானாகவே ‘வெளியிடு’ பக்கம் போகும். ஒரு நிமிடம் நிறுத்தி, எழுதியவர் பெயரைப் பாருங்கள். அங்கே ஆள் பெயருக்குப் பதிலாக ‘உடனடிக் கடன் சேவை’ என்று இருக்கும். பெயரைத் தொட்டால் வேறு தளத்துக்குப் போகும். கட்டுரை தக்காளியைப் பற்றியதா, பட்டா மாறுதலைப் பற்றியதா என்பதற்கு அந்த நாலு வரியில் தடயமே இருக்காது. எந்தக் கட்டுரைக்கும் பொருந்தும் கருத்து என்றால் சந்தேகப்படுங்கள்.

சிலர் இன்னும் பொறுமைசாலிகள். முதலில் வெறுமனே ‘அருமை’ என்று எழுதி ஒப்புதல் வாங்கிக்கொள்வார்கள். ஒரு முறை ஒப்புதல் பெற்றவர் அடுத்த முறை காத்திருக்க வேண்டாம் என்று பல தளங்களில் அமைத்திருப்பார்கள். மறுவாரம் அதே பெயரில் இணைப்புகள் நேராக வந்து விழும். நம் வாசகர்களும் ‘அருமை’, ‘நன்றி ஐயா’, ‘வாழ்க வளமுடன்’ என்று ஒரு சொல்லில் எழுதுபவர்கள்தான் என்பது இதில் உள்ள சிரமம். இணையதள முகவரி கேட்கும் கட்டத்தைக் கருத்துப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடுங்கள். உண்மையான வாசகர் அதை நிரப்புவது அபூர்வம், ஸ்பேம் போடுபவருக்கோ அதுதான் முழு நோக்கமும். எடுத்த பிறகு எங்களுக்கு இந்த வகை ஸ்பேம் நன்றாகவே குறைந்தது.

இவற்றை விட மோசமானவை இரண்டு. ஒன்று, கடன் சாட்சியம்: “நான் கடனில் மூழ்கித் தற்கொலைக்கே போனேன், இந்த மேடம் 3 சதவீத வட்டியில் பணம் கொடுத்துக் காப்பாற்றினார், வாட்ஸ்அப் எண் இதோ.” இன்னொன்று, சிறுநீரகம் வாங்குவதாகச் சொல்வது. பெயர்பெற்ற மருத்துவமனை ஒன்றின் பெயரைப் போட்டு, கோடிக்கணக்கில் பணம் தருவதாக எழுதியிருப்பார்கள். இந்தியாவில் உறுப்பு விற்பது 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். இந்த விளம்பரத்தை நம்பிக் கூப்பிடுபவரிடம் பதிவுக் கட்டணம் என்று பணம் பறிப்பதுதான் நடக்கிறது. பயிர்க்கடன் தள்ளுபடி பற்றிய கட்டுரையின் கீழே இதைப் படிப்பவர் யார், என்ன நிலைமையில் படிக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்பேமை நான் குப்பை என்று சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். குப்பை யாரையும் தேடிப் போய்க் கடிப்பதில்லை.

முதல் நாளே மாற்ற வேண்டிய அமைப்புகள் எவை?

வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதில் டிஸ்கஷன் பக்கம். புதிதாக வருபவரின் முதல் கருத்து உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருக்கட்டும். இரண்டு இணைப்புகள் இருந்தால் நிறுத்திவை என்று தானாகவே இருக்கும், அதை ஒன்றாகக் குறையுங்கள். வேறு தளம் நம் கட்டுரைக்கு இணைப்புக் கொடுத்தால் அறிவிக்கும் பிங்பேக், ட்ராக்பேக் இரண்டையும் அணைத்துவிடுங்கள், இன்று அவற்றால் பெரிய பயன் இல்லை. பழைய கட்டுரைகளில் கருத்துப் பெட்டி தானாக மூடிக்கொள்ளும் வசதியும் அங்கேயே இருக்கிறது. 14 நாள் என்று போட்டிருக்கும். அரசுத் திட்டக் கட்டுரைகளுக்கு ஒரு வருஷம் கழித்தும் கேள்வி வரும் என்பதால் நாங்கள் 400 நாள் வைத்திருக்கிறோம். செய்தித் தளம் என்றால் 30 நாளே போதும்.

அகிஸ்மெட் போட்டால் போதாதா?

பெரும் பகுதி வேலையை அது செய்துவிடும். ஸ்பேமைத் தானாகவே பிரித்து ஒதுக்கும் இந்தச் சேவை 2005-லிருந்து இருக்கிறது, வேர்ட்பிரஸுடனேயே வருகிறது. பணம் சம்பாதிக்காத சொந்தத் தளங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும். விளம்பரம் போடும் தளம் என்றால் கட்டணம் உண்டு. கருத்தோடு எழுதியவரின் மின்னஞ்சல், ஐ.பி. முகவரி (அவருடைய இணைய இணைப்பின் எண்) ஆகியவையும் அவர்களுடைய சர்வருக்குப் போய்த்தான் சரிபார்க்கப்படுகின்றன, அதை உங்கள் தனியுரிமைப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஆனால் ஸ்பேம் பெட்டியை வாரத்துக்கு இரண்டு முறையாவது திறந்து பாருங்கள். 15 நாள் கழித்து அகிஸ்மெட் அதைத் தானாகவே காலி செய்துவிடும். உண்மையான வாசகர்கள் அதில் மாட்டியிருப்பார்கள். எங்கள் அனுபவத்தில் அதிகம் மாட்டுவது தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களும், முழு மனுவையும் ஒரே மூச்சில் எழுதி அதையே நாலு கட்டுரையின் கீழே ஒட்டுபவர்களும். இயந்திரத்தின் கண்ணுக்கு அது ஸ்பேம். எழுதியவருக்கோ எந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேப்ட்சா வைக்கலாமா?

எழுதுபவர் மனிதரா நிரலா என்று சோதிப்பதுதான் கேப்ட்சா. நான் அதில் படம் காட்டும் வகைக்கு எதிரி. தீயணைப்புக் குழாய் உள்ள படங்களைத் தேர்ந்தெடு என்று கேட்கும். நம் தெருக்களில் அப்படி ஒன்றைப் பார்த்தே இராத அறுபது வயதுக்காரர் என்ன செய்வார்? கண்பார்வை இல்லாதவருக்கு அது பூட்டிய கதவு. காசுக்குக் கேப்ட்சா தீர்த்துக் கொடுக்கும் ஆட்களும் இருப்பதால், தடுக்க வேண்டியவர்களை அது முழுசாகத் தடுப்பதும் இல்லை.

சிறிய தளத்துக்கு இரண்டு எளிய வழிகள் போதும். ஒன்று, மறைகட்டம்: மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டத்தைப் படிவத்தில் வைப்பது. நிரல் எல்லாக் கட்டத்தையும் நிரப்பும், அப்போது அகப்பட்டுக்கொள்ளும். இன்னொன்று, தமிழில் ஒரு கேள்வி. ‘செவ்வாய்க்கு மறுநாள் என்ன கிழமை?’ என்று கேட்டோம். எல்லாத் தளத்துக்கும் பொதுவாக எழுதப்பட்ட நிரல்கள் அதிலேயே நின்றுவிட்டன. புதன், புதன்கிழமை, ஆங்கில எழுத்தில் புதன் என்று எப்படி எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்படி வையுங்கள், இல்லாவிட்டால் வாசகர்தான் தோற்பார்.

கெட்ட வார்த்தைகளின் பட்டியல் ஒன்று போட்டுவிட்டால் என்ன?

எல்லோரும் முதலில் செய்வது இதுதான், நாங்களும் செய்தோம். இதில் தமிழுக்கே உரிய சிக்கல்கள் இருக்கின்றன. நம் மொழியைத் தெரிந்து எழுதிய கையேடு எதுவும் கையில் கிடைக்காததால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேர்ட்பிரஸ் பட்டியலில் போட்ட சொல்லை இன்னொரு சொல்லின் உள்ளேயும் தேடும். ‘சனியனே’, ‘சனியன்’, ‘சனி’ எல்லாவற்றையும் பிடிக்கலாம் என்று ‘சனி’யைப் போட்டோம். ‘சனிக்கிழமை முகாம் உண்டா?’ என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் நின்றுபோனார்கள். ‘எருமை’யைப் போட்டால் எருமைப்பால் பற்றிப் பேச முடியாது. ‘பன்றி’யைப் போட்டால் பன்றிக்காய்ச்சல் செய்திக்கு வந்த கேள்விகள் எதுவும் வெளிவராது, பன்றிமலைக்காரர் ஊர்ப் பெயரைக்கூட எழுத முடியாது. ‘நாய்’ என்று போட்டால் தெருநாய்த் தொல்லை பற்றிய கட்டுரை வெறிச்சோடிவிடும். மிருகங்களின் பெயரைச் சொல்லித் திட்டும் பழக்கம் உள்ள மொழியில், அதுவும் விவசாயத் தளத்தில், இது தினசரிப் பிரச்சினை.

அடுத்தது உருபுகள். ஒரு வசைச்சொல் விளியாக, பன்மையாக, வேற்றுமை ஏற்று எத்தனையோ வடிவம் எடுக்கும். முழுச் சொல்லைப் போட்டால் பாதி தப்பும், வேர்ப் பகுதியை மட்டும் போட்டால் அப்பாவிச் சொற்கள் மாட்டும்.

அப்புறம் எழுத்துக் குறியீட்டுச் சிக்கல். திரையில் ‘கொ’ என்று ஒரே மாதிரி தெரிவதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடிப்பவர்கள் நிறையப் பேர். துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைப் போடுவதும் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பட்டியலுக்கு அவை வேறு வேறு சொற்கள். வேண்டுமென்றே தப்பிக்க நினைப்பவர் நடுவில் ஒரு புள்ளியோ இடைவெளியோ வைத்தாலே போதும். போதாததற்கு அதே வசையை ஆங்கில எழுத்தில் பத்து விதமாக எழுதலாம்.

அதனால் பட்டியல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேர்ட்பிரஸில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்றில் போட்ட சொல் வந்தால் கருத்து ஒப்புதலுக்குக் காத்திருக்கும், இன்னொன்றில் போட்டால் நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும். தமிழ்ச் சொற்கள் எதையும் இரண்டாவதில் போடாதீர்கள். முதலாவதில் போட்டு, படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் பட்டியலில் இப்போது வசைகளைவிட ‘வாட்ஸ்அப்’, ‘கடன் வேண்டுமா’, ‘கிட்னி’, ‘ஆதார்’, ‘என் நம்பர்’ போன்றவையே அதிகம்.

வாசகர்கள் தங்கள் போன் நம்பர், ஆதார் எண்ணையே கருத்தில் எழுதிவிடுகிறார்கள். வெளியிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் எழுதியிருப்பதில் முக்கியமானது இதுதான்.

தமிழில் அரசுத் திட்டம் பற்றி ஒரு கட்டுரை போட்டால், அதை அரசு அலுவலகம் என்றே நினைத்து மனு எழுதுபவர்கள் உண்டு. மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது எங்கள் கட்டுரையின் கீழே வந்தவற்றில் பெரும்பாலானவை மனுக்கள்தான். குடும்ப அட்டை எண், கணவர் பெயர், தெரு, வங்கிக் கணக்கு என்று அத்தனையும் எழுதியிருந்தார்கள். தாலுகா ஆபீஸில் கிடைக்காத பதில் இங்கே கிடைக்கும் என்ற நம்பிக்கை.

எங்கள் இரண்டாவது ஆண்டில் கருத்துகள் ஒப்புதல் இல்லாமல் நேராக வெளியாகும்படி வைத்திருந்தோம். முதியோர் உதவித்தொகை பற்றிய கட்டுரையில் ஒரு அம்மா எழுதினார்: “ஐயா வணக்கம். எனக்கு 67 வயசு. வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம் ஆச்சு. மூணு தடவை மனு கொடுத்தும் பணம் வரலை. நீங்கதான் பார்த்து ஏற்பாடு பண்ணணும்.” கீழே செல் நம்பரும் ஆதார் எண்ணும். அன்று இரவே அதன் கீழே ஒரு பதில் வந்திருந்தது: “அம்மா, உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது, இந்த எண்ணை அழைக்கவும்.” அந்தப் பதிலை எழுதியது நாங்கள் இல்லை. நாங்கள் இரண்டு நாளாகத் தளத்தைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் நாள் அந்த அம்மா மறுபடி எழுதியிருந்தார். “சார், நீங்க சொன்ன நம்பருக்கு 2,500 ரூபாய் கட்டிட்டேன். எப்போ வரும்?”

நீங்க என்று அவர் சொன்னது எங்களைத்தான். அன்றிலிருந்து எங்கள் தளத்தில் ஒரு கருத்துகூடப் படிக்காமல் வெளியாவதில்லை. மட்டுறுத்தல் என்பது தளத்தின் மானத்தைக் காப்பாற்ற என்று அதுவரை நினைத்திருந்தேன். நம்பி வருபவரைக் காப்பாற்றத்தான் அது முதலில் வேண்டும்.

இப்போது செய்வது இது. எண்களை நட்சத்திரக் குறியால் மறைத்து, ‘எண் மறைக்கப்பட்டது - ஆசிரியர்’ என்று எழுதிவிட்டு வெளியிடுகிறோம். வாசகரின் வார்த்தைகளில் வேறு எதையும் தொடுவதில்லை, எழுத்துப்பிழையைக்கூட. கூடவே, “இது அரசு அலுவலகம் இல்லை, இங்கே யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்” என்று பதில் எழுதுகிறோம். 1930 மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். பணம் போன முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் அதை வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். இதே வாசகத்தைக் கருத்துப் பெட்டியின் மேலேயும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்.

திட்டி எழுதுபவர்களை என்ன செய்வது?

கட்டுரையைத் திட்டினால் வெளியிடுங்கள். ‘இந்த உரத்தைப் போட்டு என் மிளகாய் கருகிடுச்சு, தெரியாம எழுதாதீங்க’ என்று ஒருவர் எழுதினால், அவர் கோபத்தில் ஒரு தகவல் இருக்கிறது. எங்கள் கட்டுரை இரண்டை அப்படி வந்த கோபத்தால்தான் திருத்தினோம்.

ஆளைத் திட்டினால் வெளியிடாதீர்கள். சாதியைச் சொல்லித் திட்டினால் வெளியிடவே கூடாது. நேராகச் சாதிப் பெயரைச் சொல்லாமல், ஊர், தொழில், உணவு, இட ஒதுக்கீடு என்று சுற்றி வளைத்து எழுதுவார்கள். அது எந்த இயந்திரத்துக்கும் புரியாது, நம் ஊரில் வளர்ந்தவருக்கு முதல் வரியிலேயே புரிந்துவிடும். மனிதர் படிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

பெண்கள் எழுதும் கட்டுரைகளைத் தனியாகக் கவனியுங்கள். பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் தன் தளத்தில் சேர்ந்திருந்த 7 கோடி கருத்துகளை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. அதிகம் தாக்கப்பட்ட பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள், மற்ற இருவரும் கறுப்பின ஆண்கள். எங்கள் தளத்திலும் இதே கதைதான். சொட்டுநீர்ப் பாசனம் பற்றி நான் எழுதினால் குழாயின் விலை கேட்பார்கள். தோழி எழுதினால் ‘உங்களுக்கு வயக்காடு தெரியுமா?’ என்று ஆரம்பித்து வேறு எங்கோ போகும். அவர் கட்டுரைக்கு வரும் கருத்துகளை நான் முதலில் படிக்கிறேன், என்னுடையதை அவர் படிக்கிறார். திட்டு வாங்குபவரே அதையும் உட்கார்ந்து படித்து அழிக்கும்படி விடாதீர்கள்.

நீக்கினால் கருத்துச் சுதந்திரம் போச்சு என்று சண்டைக்கு வருகிறார்களே?

விதிகளை முன்கூட்டியே எழுதி வைத்தால் சண்டை பாதியாகும். பத்து வரிக்கு மேல் வேண்டாம், சட்ட நடை வேண்டாம். எதை நீக்குவோம், எதற்காக நீக்க மாட்டோம், யாரிடம் முறையிடலாம் என்பது இருந்தால் சரி. நீக்கினால் காரணத்தை ஒரு வரியில் மின்னஞ்சலில் சொல்லுங்கள். பொதுவில் வாதாடாதீர்கள்.

பெயர் சொல்லாமல் எழுதுபவரை அனுமதிக்கலாமா?

அனுமதியுங்கள். வி.ஏ.ஓ. ஆபீஸில் லஞ்சம் கேட்டார்கள் என்று ஒருவர் சொந்தப் பெயரில் அந்த ஊரிலேயே இருந்துகொண்டு எழுத முடியாது. ஆனால் அவர் குற்றம் சாட்டும் நபரின் பெயரை நாங்கள் வெளியிட மாட்டோம், நடந்ததை மட்டும் வெளியிடுவோம்.

ஐ.பி. முகவரியைத் தடை செய்யலாமா?

தொடர்ந்து அடிக்கும் நிரல் என்றால் செய்யலாம். ஒரு ஆளைத் தடுக்க அது உதவாது. மொபைல் இணையத்தில் ஒரே முகவரியை ஏராளமானோர் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவரை அடைக்கப்போய் சம்பந்தமே இல்லாதவர்களையும் வெளியே தள்ளிவிடுவோம்.

வாசகர் எழுதியதற்குச் சட்டப்படி நான் பொறுப்பா?

நான் வழக்கறிஞர் இல்லை. தளம் நடத்துபவராகத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், நோட்டீஸ் வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 79-ஆவது பிரிவு, பிறர் எழுதியதற்கு இடம் கொடுக்கும் தளங்களுக்கு நிபந்தனைகளோடு பாதுகாப்புத் தருகிறது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தது பலருக்கு நினைவிருக்கும். அதே தீர்ப்பில், நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிப்போ வந்த பிறகுதான் நீக்கியாக வேண்டிய கட்டாயம் தளத்துக்கு வரும் என்றும் சொன்னது. நாமாக முன்வந்து மோசமான கருத்தை நீக்கினால் பாதுகாப்பு போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படிப் போகாது என்று 2021 விதிகள் சொல்கின்றன. குறைகேட்பு அலுவலர் ஒருவரின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. இவை அவ்வப்போது திருத்தப்படுவதால், கால வரம்புகளை நடப்பில் உள்ள பிரதியைப் பார்த்தே தெரிந்துகொள்ளுங்கள். இலங்கையிலிருந்து நடத்துபவர்கள் 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் படித்துவிட வேண்டும்.

எஸ்டோனியாவில் டெல்ஃபி என்ற செய்தித் தளத்துக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2006-இல் ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம் பற்றிய செய்திக்குக் கீழே 185 கருத்துகள் வந்தன. அவற்றில் இருபது வாக்கில் மிரட்டலும் வசையும். தளத்தில் சொல்வடிகட்டி இருந்தது, புகார் கொடுக்கும் பொத்தானும் இருந்தது. அப்படியும் அந்தக் கருத்துகள் ஆறு வாரம் அங்கேயே கிடந்தன. வழக்கறிஞர் கடிதம் வந்த அன்றே நீக்கினார்கள், ஆனாலும் தளம்தான் பொறுப்பு என்று அந்நாட்டு நீதிமன்றம் சொன்னது. 2015-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அதில் கருத்துச் சுதந்திர மீறல் இல்லை என்றது. இழப்பீடு வெறும் 320 யூரோதான். நம் நாட்டுக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. வடிகட்டியைப் போட்டுவிட்டு யாரும் படிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்காகச் சொன்னேன்.

குற்றச் செய்திகளுக்குக் கீழே கருத்துப் பெட்டி வைக்கலாமா?

பாலியல் குற்றம் என்றால் மூடிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். செய்தியில் நீங்கள் கவனமாகப் பெயரை மறைத்திருப்பீர்கள். ‘அது எங்க ஊர்தான், இன்னார் பொண்ணு’ என்று கீழே ஒருவர் எழுதிவிடுவார். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும் சேரும். சட்டம் இருக்கட்டும், அந்தப் பெண் நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே?

எங்களுக்கு ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது, காலையில் பாதி, இரவில் பாதி. இரவு பத்து மணிக்கு மேல் வருவது காலை வரை காத்திருக்கும், அதையும் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறோம். காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் வாசகர் கோபப்படுவதில்லை. தன் கருத்து எங்கே போனது என்று தெரியாமல்தான் ஐந்து முறை அனுப்புகிறார்.

முடியவில்லை என்றால் மூடிவிடலாமா?

தாராளமாக. அமெரிக்காவின் பாப்புலர் சயின்ஸ் இதழ் 2013-இல் மூடியது. அறிவியல் செய்தி ஒன்றின் கீழே வரும் வசைகள், அந்தச் செய்தியைப் பற்றிய வாசகரின் எண்ணத்தையே மாற்றுகின்றன என்ற விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வை அப்போது காரணமாகக் காட்டினார்கள். அந்நாட்டுப் பொது வானொலியான என்பிஆர் 2016-இல் மூடியது. நார்வே பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளம் 2017-இல் வேறு வழி தேடியது: கட்டுரையிலிருந்து மூன்று கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் கருத்து எழுத முடியும் என்று வைத்துப் பார்த்தது. எனக்கு அந்த யோசனை பிடிக்கும். எங்கள் வாசகர்களில் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களும் இருப்பதால் எங்களுக்குச் சரிவராது என்று விட்டுவிட்டோம்.

திறந்துவிட்டு யாரும் எட்டிப்பார்க்காமல் இருப்பதைவிட மூடுவது நல்லது. மூடினால் கேள்வி கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரியாவது கொடுங்கள்.

ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் சேர்ந்து கிடக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஆட்கள் அதிகம் வரும் பத்துக் கட்டுரைகளிலிருந்து. கருத்துகள் பக்கத்தில் உள்ள தேடல் கட்டத்தில் ‘ஆதார்’, ‘வாட்ஸ்அப்’, ‘நம்பர்’, ‘கடன்’ என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். முதல் நாளே வாசகர்களின் எண்களை மறையுங்கள். சூதாட்ட இணைப்புகள் இன்னும் ஒரு வாரம் அங்கே கிடந்தாலும் பரவாயில்லை, எண்கள் ஒரு நாள்கூடக் கிடக்கக் கூடாது. நீக்கிய பிறகும் கூகுள் தேடலில் சில நாள் பழைய வரிகள் தெரியும். காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கோரும் படிவம் ஒன்று கூகுளிலேயே இருக்கிறது, அதில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் சீக்கிரம் மாறும். மாறியதா என்று அந்த எண்ணையே கூகுளில் போட்டுத் தேடிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போங்கள்.